இருபத்தொரு பாகம் ஓடிய கிரைண்டர்

இராஜபாளையம் இந்த நாட்டுக்குப் பஞ்சைத் தந்தது, நூலைத் தந்தது, காயத்துக்குக் கட்டும் துணியைத் தந்தது, காயத்தை உண்டாக்கும் நாயையும் தந்தது. இவ்வளவு தந்த பிறகும் ஊருக்கு மனம் ஆறவில்லை. மானுட குலத்துக்கு இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அது துடித்துக்கொண்டிருந்த வேளையில்தான், பஞ்சு மார்க்கெட் பக்கத்துச் சந்தில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த திரு. சோணைமுத்து அவர்கள் டிஜிட்டல் யுகத்துக்குள் வலது காலை எடுத்து வைத்தார்.

அதற்கு முந்தைய இருபத்துமூன்று ஆண்டுகளை இருண்ட காலம் என்றே சொல்ல வேண்டும். அந்த நாட்களில் சோணைமுத்துவின் கடைக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. யாராவது மிக்ஸியைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் அதைக் காதோரம் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்குவார். "செத்த நேரம் இருங்க" என்பார். வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் மிக்ஸி உறுமும். "நாளைக்கு வாங்க" என்ற பேச்சே அந்தக் கடையில் புழங்கியதில்லை. வாடிக்கையாளரோடு ஓர் 'உறவை' வளர்க்கத் தெரியாமல், வந்தவரை அன்றைக்கே அனுப்பிவைக்கிற கொடுமையான வியாபாரம். ஒரு மனிதர் இப்படித் தன் வாழ்நாளை வீணடிக்கிறாரே என்று கவலைப்பட ஊரில் ஒருவர்கூட இல்லை.

கவலைப்படுவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் இருந்தார். பெயர் சூர்யபிரகாஷ். வயது முப்பது. விசிட்டிங் கார்டில் தன் தொழிலை 'பிராண்ட் சிற்பி' என்று அச்சடித்து வைத்திருந்தார். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் நடத்திய 'சிறுதொழில் முனைவோர் டிஜிட்டல் எழுச்சி மாநாட்டு'க்கு, மதியச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு சோணைமுத்துவும் போயிருந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் கேள்வி நேரம் வந்தது. சூர்யபிரகாஷ் மைக்கை இவரிடம் நீட்டினார்.

"சார், உங்களுக்கு எத்தனை ஃபாலோயர்ஸ்?"

"அப்டின்னா?"

"உங்க பின்னாடி எத்தனை பேர் வர்றாங்க?"

சோணைமுத்து உண்மையாகவே யோசித்தார். "கடைய அடைச்சிட்டு வீட்டுக்குப் போறப்ப ஒரு நாயி வரும். அதுவும் சங்கரன்கோவில் முக்கு வரைக்குந்தான்."

மண்டபம் சிரித்தது. சூர்யபிரகாஷ் மட்டும் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்ட டாக்டரின் முகத்தோடு சொன்னார்: "சார், நீங்க இருக்கீங்க. ஆனா இணையத்துல இல்ல. இணையத்துல இல்லாதவர் இருக்கிறதா அர்த்தமே இல்ல."

சோணைமுத்துவுக்குத் திக்கென்றது. ஐம்பத்திரண்டு வயது வரை இல்லாமலே இருந்துவிட்டோமே என்ற கவலையில் அவருக்குச் சாம்பார் இறங்கவில்லை; ரசமும் இறங்கவில்லை. பாயசம் மட்டும் இரண்டு முறை வாங்கினார். அடுத்த திங்கட்கிழமை சூர்யபிரகாஷ் ஒரு மூன்று கால் ஸ்டாண்டு, ஒரு வட்ட விளக்கு, இரண்டு ஃபோன் ஆகியவற்றோடு கடைக்குள் குடியேறினார்.

இணையத்தில் பக்கம் திறப்பது என்றால் சும்மா திறந்துவிட முடியுமா? நம் ஊரில் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சோணைமுத்து பத்திரிகை அடித்தார். 'தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, லைக் செய்து, ஷேர் செய்து, மணி பட்டனை அழுத்தி வாழ்த்துமாறு' மஞ்சள் தடவிக் கேட்டுக்கொண்டார். அவரும் மனைவி கனகலட்சுமியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாகப் போய் அழைத்தார்கள். தளவாய்புரத்திலிருந்து தாய்மாமா ஆவுடையப்பன் முதல் நாளே வந்து இறங்கிவிட்டார். அவரிடம் ஃபோன் இல்லை. ஆனால் முறை இருந்தது.

"மொத லைக்கு தாய்மாமந்தாம்லே போடணும். எவன் முந்துதான்னு பாக்கேன்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சூர்யபிரகாஷ் தன் இரண்டாவது ஃபோனைக் கொடுத்து, கிழவரின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தச் செய்வதற்குள், மும்பையில் யாரோ ஒருவர் கைதவறி முதல் லைக்கைப் போட்டுத் தொலைத்தார்.

"எவம்லே அவன்? நம்ம வகையறாவா?"

"இல்ல மாமா, யாருன்னே தெரியல."

"தெரியாதவனுக்கு மொத மரியாத. எனக்கு ரெண்டாவதா?"

பந்தியில் கை நனைக்காமல் தளவாய்புரம் பஸ் ஏறிய மாமா இன்றுவரை பேச்சுவார்த்தையில் இல்லை.

பக்கம் போதாதென்று வலைப்பூவும் தொடங்கப்பட்டது. 'ஜார் என்பது வெறும் ஜாரா?', 'கார்பன் பிரஷ்ஷும் கணவன் மனைவி உறவும்' போன்ற கட்டுரைகளை, சோணைமுத்து எழுதியதாக சூர்யபிரகாஷே எழுதினார். அவற்றை மூன்று பேர் படித்தார்கள். ஒருவர் சூர்யபிரகாஷ். இன்னொருவர் அவருடைய இரண்டாவது ஃபோன். மூன்றாமவர் எந்த நாட்டுக்காரரோ, ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும் 'அருமையான பதிவு. உடல் எடை குறைய வேண்டுமா?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். கனகலட்சுமி இரண்டாவது கட்டுரையை மட்டும் எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்தாள்.

"இம்புட்டு நாளும் அடுத்தவுக காதுல பூச் சுத்துனாக. இப்ப வலையில சுத்துதாக, அம்புட்டுத்தான" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். டிஜிட்டல் யுகத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் எல்லாருக்கும் ஒரே நாளில் வந்துவிடாது.

ஒரு மாதம் ஓடியது. நூற்றுப் பதினொரு பேர் பின்தொடர்ந்தார்கள். நூற்றுப்பத்துப் பேர் வெற்றிலை பாக்கு வாங்கியவர்கள். மிச்சம் ஒருவர் மும்பைக்காரர்.

"பெரிய 'கன்டென்ட்' ஒண்ணு சிக்கணும் சார்" என்று சூர்யபிரகாஷ் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், மம்சாபுரம் வெள்ளத்தாயின் கிரைண்டர் லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது.

வெள்ளத்தாய் இட்லி மாவு ஆட்டி விற்பவள். மம்சாபுரத்தில் அறுபது வீடுகளும் இரண்டு இட்லிக் கடைகளும் அவள் மாவை நம்பித்தான் காலையில் அடுப்பைப் பற்றவைத்தன. அந்தப் பத்து லிட்டர் கிரைண்டர்தான் அவளுக்கு வயல், மாடு, பென்ஷன் எல்லாம். மகளை நர்சிங் படிக்க வைப்பதும் அந்தக் கல்தான். பத்து வருடமாக சோணைமுத்துவைத் தவிர வேறு யாரையும் அவள் அதைத் தொட விட்டதில்லை.

"அண்ணே, மோட்டார் சுத்துது. கல்லு சுத்த மாட்டேங்குது."

சோணைமுத்து அடித்தட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பெல்ட்டுதான் தாயி. அந்து போச்சு. செத்த நேரம் இரு."

சுவரில் ஆணியில் தொங்கிய பெல்ட்டுகளில் சரியான அளவைக் கண்ணாலேயே பிடித்து அவர் கையை நீட்டிய சமயம், சூர்யபிரகாஷ் அந்தக் கையைப் பற்றினார். கடையின் பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன காரியம் பண்ணப் பாத்தீங்க சார்?"

"பெல்ட்ட மாட்டப் போனேன்."

"மாட்டிட்டா?"

"ஓடும்."

"ஓடிட்டா?"

"அந்தப் பிள்ள எடுத்துக்கிட்டுப் போயிரும்."

"அதான் சார் பிரச்சினையே! ஒரு ஏழைத் தாய். ஓடாத கிரைண்டர். இதுல ஒரு கதை இருக்கு. நீங்க அஞ்சு நிமிசத்துல கதைய முடிக்கப் பாக்கறீங்க. ஓடுற கிரைண்டர எவன் சார் பாப்பான்? ஓடாததுதான் சார் ஓடும்!"

இப்படிப்பட்ட ஞானத்தை சோணைமுத்து அதற்கு முன் கேட்டதில்லை. தலையைச் சொறிந்துகொண்டு முன்பக்கம் வந்தார். வெள்ளத்தாய் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். டீ முடிவதற்குள் கிரைண்டர் ஓடிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

"பெல்ட்டு மட்டும்னு சொல்ல முடியாது தாயி. முழுசாக் கழத்திப் பாக்கணும். நாளைக்கு வா."

"நீங்க சொன்னா சரிதாண்ணே" என்று அவள் டம்ளரை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். அவள் ஒரு சொல் மறுத்துப் பேசியிருந்தால்கூட சோணைமுத்துவுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். அன்று முழுக்க அவருக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. சாயங்காலம் முதல் பாகம் வெளியாகி, முதல் மணி நேரத்திலேயே முந்நூறு பேர் பார்த்துவிட்டார்கள் என்று கேட்டதும் மனசு ஒரு நிலைக்கு வந்தது.

தொடருக்கு 'ஒரு தாயின் கிரைண்டர்' என்று பெயர் சூட்டப்பட்டது. முதல் பாகத்தில் கிரைண்டர் ஆட்டோவிலிருந்து இறங்கியது. இரண்டாம் பாகத்தில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினார்கள். மூன்றாம் பாகத்தில் இன்னொரு ஸ்க்ரூ கழல மறுத்தது. 'தொடரும்' என்று போட்டார்கள். நான்காம் பாகத்தில் அது கழன்றது. ஆறாம் பாகத்தில் பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்க, சோணைமுத்து குழவிக்கல்லைத் தடவியபடி வானத்தைப் பார்த்தார். கடைக்குள் வானம் இல்லாததால் மின்விசிறியைப் பார்த்தார். அதை மட்டும் ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

பன்னிரண்டாம் பாகம் வந்தபோது பின்தொடர்பவர்கள் முப்பதாயிரத்தைத் தாண்டினார்கள். துபாயிலிருந்து கேட்டார்கள், எல்லையில் காவல் நிற்கும் மம்சாபுரத்துப் பட்டாளக்காரர்கள் கேட்டார்கள்: 'அண்ணா, கிரைண்டர் பிழைக்குமா?' 'பின்னால் ஆணியில் தொங்குவது பெல்ட்தானே, அதை மாட்டினால் என்ன?' என்று கேட்ட சிலர் 'எதிர்மறை எண்ணம் கொண்டவர்கள்' என்று கண்டறியப்பட்டு நீக்கப்பட்டார்கள். வேறு மிக்ஸிகளோடு வந்தவர்களிடம் "ஷூட்டிங் நடக்குது, நாளைக்கு வாங்க" என்று சொல்லப்பட்டது. அவர்களில் பலர் நாளைக்கு வேறு கடைக்குப் போனார்கள். வைத்துவிட்டுப் போன மிக்ஸிகள், 'ஃபிரேமுக்கு அழகு' என்று பின்னால் கோபுரமாக அடுக்கப்பட்டன.

"எல்லாரும் அரைச்ச மாவையே அரைப்பாக" என்றாள் கனகலட்சுமி. "நீங்க அரைக்காத மாவையே பன்னெண்டு நாளா அரைச்சுக்கிட்டு இருக்கீக. பாவம் அந்தப் பொம்பள. மாட்டிக் குடுத்து அனுப்புங்க."

"ஒனக்கு மார்க்கெட்டிங் தெரியாது."

"எனக்கு வெள்ளத்தாயத் தெரியும்."

வெள்ளத்தாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாள். வேறு மெக்கானிக்கிடம் கேட்டும் பார்த்திருக்கிறாள். ஒருவர் கழற்றிப் போட்டதை இன்னொருவர் தொடுவதில்லை என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். "சோணைமுத்தே இத்தன நாளாப் பாக்காருன்னா சீக்கு பெருசாத்தான் இருக்கும்" என்று அவர்கள் அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சின்னக் கிரைண்டரைக் கெஞ்சி வாங்கி ஆட்டியதில் அவளால் இருபது வீட்டுக்குத்தான் மாவு கொடுக்க முடிந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் அவளைத் தெருவில் கண்டால் விடுவதில்லை.

"'ஏட்டி வெள்ளத்தா, நேத்தையப் பாகத்தப் பாத்து எனக்குக் கண்ணீரே வந்துட்டு'ங்காவ" என்று அவள் சோணைமுத்துவிடம் சொன்னாள். "மாவு வேணுமாக்கான்னு கேட்டா, 'வேண்டாம்டி, பாக்கெட்டு வாங்கிட்டேன், நாளைக்காவது ஓடிருமா'ன்னு கேக்காவ. நான் என்னண்ணே சொல்ல?"

அந்தப் பாக்கெட் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினைந்தாம் பாகம் முதல் தொடருக்கு ஒரு 'புரவலர்' கிடைத்திருந்தார். 'இந்தப் பாகத்தை உங்களுக்கு வழங்குவோர் அம்புலி ரெடிமேட் இட்லி மாவு. கிரைண்டர் ஓடவில்லையா? அம்புலி இருக்க ஏன் அழுகை?' என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேட்பாள். ஒப்பந்தம் ஃபோனில் பதினேழு பக்கம் இங்கிலீஷில் வந்தது. கடைசியில் 'சம்மதம்' என்று ஒரு பட்டன் இருந்தது. பட்டனைக் கண்டால் அமுக்கிப் பார்ப்பது மெக்கானிக்கின் குணம். சோணைமுத்து அமுக்கினார். ஒரு கம்பெனியே தன் கடையைத் தேடி வந்துவிட்டதில் அவருக்கு வாயெல்லாம் பல். அது என்ன கம்பெனி, எதை விற்கிறது என்பதில் ஏதோ ஒன்று இடித்தது. அது என்னவென்று யோசிப்பதற்குள் பதினாறாம் பாகத்துக்கு முகத்தில் பவுடர் போட்டுவிட்டார்கள்.

பதினெட்டாம் பாகத்தன்று வெள்ளத்தாய் கடை வாசலில் நின்றுகொண்டே பேசினாள். ஸ்டூலில் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழம காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல ஒரு காதுகுத்துண்ணே. நானூறு பேருக்கு நம்ம மாவுதான் வேணும்னு யோகேஸ்வரின்னு அந்த வீட்டுப் பொண்ணு சொல்லியிருக்கு. அவுக சொந்தத்துல இன்னும் மூணு விசேசம் இருக்கு. இது நல்லாப் போச்சுன்னா விட்ட வீடெல்லாம் திரும்ப வந்துரும். சனிக்கெழம மத்தியானம் கல்லு ஓடணும். ஓடலைன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுற வேண்டியதுதான். மகளுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"சனிக்கெழம கண்டிப்பா ஓடும் தாயி. என்னைய நம்பு."

இதை சோணைமுத்து மனதாரத்தான் சொன்னார். அவருக்கும் பொறுக்க முடியவில்லை. இரண்டரை வாரமாக வேலை செய்யாத கை பரபரத்தது.

சனிக்கிழமை காலையில் கிரைண்டர் தயாராக நின்றது. துடைத்து, பெயின்ட் அடித்து, கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி, உச்சியில் ஒரு ரோஜாப்பூவும் வைத்திருந்தார்கள். பெல்ட் மட்டும்தான் பாக்கி. பதினொரு மணிக்கு வெள்ளத்தாய் லோடு ஆட்டோவோடு வந்தாள்.

"அரிசி ஊறிட்டுண்ணே. இருவது கிலோ. போய் ஆட்டத் தொடங்குனாத்தான் விடியுமுன்ன பொங்கும்."

சோணைமுத்து ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்தார். சூர்யபிரகாஷ் குறுக்கே வந்து நின்றார்.

"சார், நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு லைவ். போஸ்டர் போட்டாச்சு. இருபத்தொண்ணாம் பாகம், கிளைமாக்ஸ்!"

"அரிசி ஊறிட்டாம்லய்யா."

"கொஞ்சம் வெயிட் பண்ணாதா சார்?"

"அது அரிசிய்யா. ஒம்ம ஃபாலோயரு இல்ல, தொடரும்னு போட்டா ஒக்காந்திருக்க."

"சார், ஒப்பந்தத்துல ஏழாவது பிரிவு என்ன சொல்லுது? ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் கிரைண்டர் ஓடக் கூடாது. ஓடிட்டா அம்புலிய எவன் வாங்குவான்? நீங்கதான் சம்மதம் குடுத்திருக்கீங்க."

இத்தனை நாளாக இடித்துக்கொண்டிருந்தது என்னவென்று சோணைமுத்துவுக்கு இப்போதுதான் விளங்கியது.  வெள்ளத்தாயின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய ஃபோன் அடித்தது. கையில் ஆட்டோக்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசு இருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வெள்ளத்தாக்கா, நான் யோகேஸ்வரி பேசுதேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீக. நேத்து இருபதாம் பாகம் வரைக்கும் வீட்டோட ஒக்காந்து பாத்தோம். ஓடுத மாதிரித் தெரியல. விசேச வீடு பாருங்க, நானூறு பேர வரச் சொல்லிட்டு முழிக்க முடியுமா? அதான் அம்புலிக்குச் சொல்லிட்டோம். ஒங்க வீடியோவப் பாத்து வந்தோம்னு சொன்னா தள்ளுபடி வேற தாராவ. ஒங்க கிரைண்டருக்காக நாங்க எல்லாரும் வேண்டிக்கிடுதோம்க்கா."

ஃபோன் அடங்கியது. ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

சோணைமுத்து சூர்யபிரகாஷை ஒரு கையால் தள்ளிவிட்டுக் குனிந்தார். பெல்ட்டை மோட்டார்ப் பக்கம் கோத்து, மேல் சக்கரத்தில் ஏற்றி, விரலால் ஒரு தட்டுத் தட்டி இழுப்புப் பார்த்தார். சுவிட்சைப் போட்டார். கல் சத்தமில்லாமல் சுற்றியது. ரோஜாப்பூ கழன்று விழுந்தது. மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

வெள்ளத்தாய் சுற்றுகிற கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மொத நாளே பெல்ட்டுன்னுதாண்ணே சொன்னீக."

சோணைமுத்து நிமிரவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது. ஒரு பொம்பளையின் பொழைப்பைக் கெடுத்துவிட்டோம் என்பது மட்டும்தான் அவர் மண்டையில் ஓடியது. சூர்யபிரகாஷுக்கு அப்படிப்பட்ட பலவீனங்கள் இல்லை. தள்ளிவிடப்பட்ட இடத்திலிருந்தே அவர் அத்தனையையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது ஃபோனை வெள்ளத்தாயின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை. கிரைண்டர் ஓடிருச்சு. இப்ப உங்க மனநிலை?"

வெள்ளத்தாய் ஃபோனைப் பார்க்கவில்லை. சோணைமுத்துவைத்தான் பார்த்தாள்.

"கிரைண்டருக்குப் பெல்ட்டு மாட்டிட்டீக. எம் பொழப்பு அந்து கெடக்கே, அதுக்கு எந்தக் கடையிலண்ணே பெல்ட்டு விக்கிது?"

"கட்! பிரமாதம்க்கா!" என்றார் சூர்யபிரகாஷ்.

'ஒரு தாயின் கிரைண்டர்' தொடரின் இருபத்தொன்றாம் பாகம் அறிவித்தபடி ஞாயிறு மாலை சரியாக ஆறு மணிக்கு, 'லைவ்' என்ற பெயரில் வெளியானது. திரையில் கிரைண்டர் அதுவரை ஓடாததால் ஏழாவது பிரிவு மீறப்படவில்லை. இராஜபாளையம் வட்டாரத்தில் எந்தத் தொழிலகமும் எட்டாத சாதனையாக, ஒரே இரவில் மூன்று லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். வெள்ளத்தாயின் அந்தக் கேள்விக்கு மட்டும் நாற்பத்திரண்டாயிரம் லைக்குகள் குவிந்தன. ஆயிரக்கணக்கானோர் அழுகிற முகம் அனுப்பினார்கள். அவள் கேட்டதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். திங்கட்கிழமை காலை அவர் கடையைத் திறந்தார், ஃபோனைக் கையில் எடுத்தார், அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார், நெடுநேரம் யோசித்தார், பிறகு அவரும் ஒரு லைக் போட்டார்.